மழையில் நிற்கும் கான்கார்டுகள்: ஜெர்மனி, பிரான்ஸ் பயணக் குறிப்புகள்

சனி, சின்ஸ்ஹைம்

ஹைடல்பெர்க்கிலிருந்து வரும் உள்ளூர் ரயில் அருங்காட்சியக நிறுத்தத்தை நெருங்கும்போதே இரண்டும் கண்ணில் பட்டுவிடுகின்றன. கட்டடத்தின் கூரைக்கு மேலே, மூக்கைத் தூக்கிக்கொண்டு, இப்போதுதான் ஓடுபாதையை விட்டுக் கிளம்பிய தோரணையில் இரண்டு வெள்ளை விமானங்கள். ஒன்று ஏர் பிரான்ஸ் ஓட்டிய கான்கார்ட். இன்னொன்று சோவியத் நாட்டின் துபோலெவ் து-144, எண் 77112. ஒலியைவிட வேகமாகப் பயணிகளை ஏற்றிச் சென்றவை உலகத்தில் இந்த இரண்டு ரகங்கள்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்தச் சின்ன ஊருக்குத்தான் வர வேண்டும். இரண்டு ரகமும் இப்போது பறப்பதில்லை; ஓய்வு பெற்ற பிறகு எந்த நிலைமையில் நிற்கின்றன என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

நான் தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஆலை ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உப்புக்காற்று இரும்பையும் அலுமினியத்தையும் என்ன பாடு படுத்தும் என்று பார்த்துப் பழகிய கண் இது. அதனால் எல்லோரும் விமானத்தின் அழகைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசையையும் தகடுகள் சேரும் இடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்த அக்கா மகன் ஸ்டுட்கார்ட்டில் படிக்கிறான். "மாமா, அங்க ஸ்பேனர் எதுவும் கேட்டுடாதீங்க" என்று வாசலிலேயே எச்சரித்துவிட்டான்.

சுழல் படிக்கட்டில் ஏறினால் விமானத்துக்குள்ளேயே போகலாம். தரை சாய்வாக இருப்பதால் நடப்பது கொஞ்சம் சிரமம். கான்கார்டின் உட்புறம் எதிர்பார்த்ததைவிடக் குறுகல். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் இரண்டு என்று மொத்தம் 100 இருக்கைகள்தான். ஜன்னல் உள்ளங்கை அகலம்தான் இருக்கிறது. பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் இடையே இதில் போகக் கொடுத்த பணத்துக்கு என் ஊரில் வீட்டுமனை வாங்கியிருக்கலாம்.

து-144 இன்னும் சுவாரசியம். ஓட்டுநர் அறைக்குப் பின்னால் மீசை மாதிரி இரண்டு குட்டி இறக்கைகள் உண்டு. மெதுவாகப் பறக்கும்போது, அதாவது ஏறும்போதும் இறங்கும்போதும், அவற்றை வெளியே நீட்டுவார்கள். கான்கார்டின் முக்கியச் சக்கரத் தொகுதி ஒவ்வொன்றிலும் நான்கு சக்கரம், இதில் எட்டு. இறங்கிய பிறகு வேகத்தைக் குறைக்க வால் பக்கம் பாராசூட் விரிப்பார்கள். பயணிகளை ஏற்றிய முந்தைய து-144களுக்கு இரட்டை ஒலி வேகத்தில் நீடிக்கக் கூடுதல் எரிபொருளைப் பின்னால் எரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கான்கார்டுக்கு அந்த வேகத்தில் அது தேவைப்படவில்லை. து-144 முதலில் பறந்தது 1968 டிசம்பர் 31, கான்கார்டை இரண்டு மாதம் முந்திக்கொண்டு. ஆனால் பயணிகளோடு பறந்தது 55 தடவைதான், மாஸ்கோவுக்கும் அல்மா-அட்டாவுக்கும் இடையே. 1977 நவம்பரில் தொடங்கி 1978 ஜூனில் பயணிகள் சேவை முடிந்துவிட்டது.

சரி, இவற்றின் நிலைமைக்கு வருகிறேன். இரண்டும் வெட்டவெளியில், கூரைக்கு மேலே நிற்கின்றன. து-144 இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. கான்கார்ட் 2003 ஜூனில் பாடன்-பாடன் பக்கம் கடைசியாகத் தரையிறங்கி, ரைன் ஆற்றில் மிதவையிலும் பிறகு சாலையிலும் பயணம் செய்து, 2004இல் இந்தக் கூரைக்கு ஏறியது. அன்றிலிருந்து ஒவ்வொரு பனிக்காலமும் ஒவ்வொரு கோடையும் அவற்றின் தலைமேல்தான் போகின்றன. கதவு ஓரங்களிலிருந்து கீழ்நோக்கி நீர் வழிந்த கறுப்புக் கோடுகள். ரப்பர் விளிம்புகள் இறுகிவிட்டன. தூரத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கிறது. பக்கத்தில் போனால்தான் வயது தெரிகிறது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. சிவப்பாகத் துருப்பிடிக்காது, அவ்வளவுதான். புளிக்குழம்பு வைத்து வைத்து உள்ளே குழிகுழியாகிப்போன அலுமினியச் சட்டியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். விமானத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும் இடுக்கில் ஈரம் தங்கினால் வெள்ளை மாவு போல ஒன்று கிளம்பும், அதன் உப்பலில் தகடே பிதுங்கும். அலுமினியத்தில் எஃகு ஆணி இறங்கிய இடத்தில் ஈரம் சேர்ந்தால் மின்கலம் மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். பெயின்ட் அடித்தால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர நிற்காது.

கான்கார்ட் விஷயத்தில் இன்னொரு கூத்து. இரட்டை ஒலி வேகத்தில் காற்று உரசி, மூக்கு நுனியில் வெப்பம் 127 டிகிரி செல்சியஸ் வரை போகும். உடல் முழுக்கவும் நல்ல சூடு. அந்தச் சூட்டில் விமானமே இருபது சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். உள்ளே எங்கே ஈரம் ஒளிந்திருந்தாலும் ஒவ்வொரு பயணத்திலும் ஆவியாகிப் போய்விடும். பறந்த காலத்தில் மற்ற விமானங்களைவிட இதில் அரிப்பு குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணம். பறக்கும்வரை தன்னைத் தானே காயவைத்துக்கொண்ட விமானம் இது. நிறுத்திய நாளிலிருந்து அதைக் காயவைக்க யாருமில்லை.

ஞாயிறு, பாரிஸ்

மன்ஹைமிலிருந்து வேக ரயிலில் மூன்று மணி நேரம். மருமகன் பாதி வழியெல்லாம் தூங்கிவிட்டான். மாலையில் லா ஷப்பேல் பக்கம் நடந்தோம். பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஈழத்தமிழர் கடைத்தெரு. கொத்து ரொட்டி சாப்பிட்ட இடத்தில் கடைக்காரர் பேச்சுக் கொடுத்தார். எதற்கு வந்தீர்கள் என்றார், சொன்னேன். பெரிதாகச் சிரித்தார்.

"அண்ணை, நான் முந்தி ரோய்சி எயார்போட்டிலதான் கிளீனிங் வேலை. காலமை பத்தரைக்கு நியூயோர்க் கொன்கோட் வெளிக்கிட்டா கையில இருக்கிற தும்புத்தடியே அதிரும். எங்களுக்கு மணிக்கூடு தேவையில்லை."

தும்புத்தடி என்றால் துடைப்பம். அந்தப் பத்தரை மணி விமானம் நியூயார்க்கில் இறங்கும்போது அங்கே உள்ளூர் நேரம் காலை எட்டரை கூட ஆகியிருக்காது. கிளம்பிய நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்வது என்பதை விளம்பரமாகவே போட்டுச் சம்பாதித்தார்கள். அவர் ஒருமுறைகூட அதன் உள்ளே ஏறியதில்லையாம். "ஏறிப் பாக்க ஆசைதான், எங்க விடுவினம்?" என்றார். லெ பூர்ஜே விமான அருங்காட்சியகத்தில் சீட்டு வாங்கினால் இப்போது யாரும் ஏறலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இருபது நிமிஷத் தூரத்தில் இருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை.

திங்கள், ரோய்சி, கொனெஸ்

அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. அதனால் ரோய்சியில் இருக்கும் சார்ல் து கோல் விமான நிலையத்துக்குப் போனோம். அங்கேயும் ஒரு கான்கார்ட் உண்டு. கால்களுக்கு அடியில் தாங்கிகள் வைத்து, மூக்கை உயர்த்தி, நிலைய வளாகத்தில் வெட்டவெளியில் அலங்காரப் பொருள்போல நிறுத்தியிருக்கிறார்கள். இறங்கி ஏறும் விமானங்களின் புகையும் மழையும் அதற்குப் பழகிப்போயிருக்கும். 2000இல் நடந்த விபத்துக்குப் பிறகு இந்த விமானம் பயணிகளோடு பறக்கவே இல்லை. உள்ளே போக அனுமதியும் இல்லை. பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்தோம்.

அங்கிருந்து கொனெஸ். 2000 ஜூலை 25 அன்று இந்த நிலையத்திலிருந்து கிளம்பிய கான்கார்ட் விழுந்த ஊர். அதற்குச் சில நிமிஷம் முன்பு கிளம்பிய வேறொரு விமானத்திலிருந்து உதிர்ந்த உலோகப் பட்டை ஓடுபாதையில் கிடந்தது. அதன்மேல் ஏறிய டயர் வெடித்து, ரப்பர் துண்டு இறக்கையின் அடியில் மோதி, எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பிடித்தது. விமானத்தில் 109 பேர், தரையில் நான்கு பேர், மொத்தம் 113 உயிர். நேரே எதிரில் இருந்த லெ பூர்ஜே ஓடுபாதையில் எப்படியாவது இறக்கிவிடலாம் என்று விமானிகள் முயன்றார்கள். எட்டவில்லை. ஊரில் நினைவுச்சின்னம் இருக்கிறது.

வரைபடத்தில் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். கொனெஸிலிருந்து சில கிலோமீட்டரில் கூசன்வில். 1973 ஜூன் 3 அன்று லெ பூர்ஜே விமானக் கண்காட்சியில் சாகசம் காட்டிய து-144 நடுவானில் உடைந்து விழுந்தது அந்த ஊரில்தான். விமானக் குழுவில் ஆறு பேர், தரையில் எட்டுப் பேர். ஒலியை மிஞ்சிய இரண்டு பயணி விமான ரகங்களின் பெரிய விபத்தும் இவ்வளவு அருகருகே நடந்திருக்கிறது. மருமகன் கைப்பேசியில் தூரத்தை அளந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

செவ்வாய், லெ பூர்ஜே

இன்று முழு நாளும் இங்கேதான். பயணத்தில் எனக்கு அதிகம் பிடித்த இடம் இதுவாகத்தான் இருக்கும்.

ஒரே கொட்டகைக்குள் இரண்டு கான்கார்டுகள், இறக்கைகள் உரசாத குறைதான். ஒன்று முதன்முதலில் பறந்த 001. 1969 மார்ச் 2 அன்று துலூஸில் ஆந்த்ரே துர்க்கா ஓட்டிக் கிளம்பியது. இன்னொன்று சியரா டெல்டா (பதிவெண்ணின் கடைசி எழுத்துகளான எஸ், டி என்பதை விமானிகள் சொல்லும் விதம்), ஏர் பிரான்ஸில் கடைசிவரை ஓடியது. உள்ளே ஏறத் தனிச் சீட்டு.

001ஐப் பற்றி ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். 1973 ஜூன் 30 அன்று முழுச் சூரிய கிரகணம். தரையில் ஓரிடத்தில் நின்று பார்த்தால் சில நிமிஷம்தான் இருட்டு. இந்த விமானத்தின் முதுகில் தனி ஜன்னல்கள் வெட்டி, விஞ்ஞானிகளை ஏற்றிக்கொண்டு, ஆப்பிரிக்காவின் மேல் நிலவின் நிழலோடு சேர்ந்தே ஓடினார்கள். 74 நிமிஷம் தொடர்ந்து முழுக் கிரகணத்துக்குள் இருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் விமானம் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது. பறந்த காலம் ஐந்து ஆண்டுகூட இல்லை, காட்சிப்பொருளாக இருப்பது அரை நூற்றாண்டுக்கு மேல். உள்ளே பயணி இருக்கைகள் கிடையாது, சோதனைக் கருவி அடுக்குகள்தான். ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தை நீட்டி இழுத்துக் குழாய்க்குள் செருகிய மாதிரி. ஓட்டுநர் கண்ணாடிக்கு முன்னால் மூடும் கவசத்தில் இரண்டு சிறு சன்னல் மட்டும். அதை மூடிய பிறகு விமானிக்கு முன்பக்கம் அநேகமாக எதுவும் தெரியாது. பின்னால் வந்த விமானங்களில் அந்தக் கவசத்தையே கண்ணாடியாக்கிவிட்டார்கள்.

சியரா டெல்டா வேறு ரகம். 1995 ஆகஸ்டில் நியூயார்க்கிலிருந்து கிழக்கே கிளம்பி உலகத்தைச் சுற்றி 31 மணி 27 நிமிஷம் 49 விநாடியில் திரும்பியது இதுதான். அடுத்த வருஷம் பெப்சி விளம்பரத்துக்காக உடம்பு முழுக்க நீலம் பூசிக்கொண்டதும் இதுதான். அந்த நீலம் இருந்தவரை இரட்டை ஒலி வேகத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. அடர்நிறம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் என்பதால் இறக்கைகளை வெள்ளையாகவே விட்டுவைத்தார்கள். கான்கார்ட் வெள்ளையாக இருந்தது அழகுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்த மருமகனுக்கு இது புதுச் செய்தி.

இதன் நிலைமைதான் நான் பார்க்க வந்தது. தகடுகள் சுத்தம், சேரும் இடங்களில் பிதுக்கம் இல்லை, சக்கரக் குழிக்குள் குழாய்கள் காய்ந்து ஒழுங்காக இருக்கின்றன. விமானம் வந்த நாளிலிருந்து முன்னாள் தொழில்நுட்பக்காரர்களும் தன்னார்வலர்களும் அதை விடாமல் கவனித்து, நீர்மஅழுத்த அமைப்பில் ஒரு பகுதியை ஓடும் நிலையில் வைத்திருந்தார்கள். தரையிறங்கும்போது விமானிக்கு ஓடுபாதை தெரிவதற்காகக் கீழே சாயும் மூக்கை இறக்கி ஏற்றிக் காட்டவும் முடிந்தது. 2010இல் ஒரு பிரிட்டிஷ் குழுவும் ஒரு பிரெஞ்சுக் குழுவும் சேர்ந்து இதன் இன்ஜின்களைச் சோதித்தன. லண்டன் ஒலிம்பிக்ஸுக்குள் மறுபடி பறக்கவைக்கலாம் என்ற பேச்சுகூடக் கிளம்பியது. நடக்கவில்லை. நடக்காது என்று ஆலையில் வேலை பார்த்த யாரும் அன்றே சொல்லியிருப்பார்கள். ஒரு விமானத்தைப் பறக்கவைக்க ஒரு விமானம் போதாது. உதிரிபாகம் செய்யும் ஆலை, சான்று தரும் நிறுவனம், பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் வேண்டும். 2003இல் அந்த ஏற்பாடு முழுவதும் கலைந்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் பாரிஸில் கான்கார்டின் பாகங்களை ஏலம்கூட விட்டாயிற்று.

எனக்கு இதில் வருத்தமில்லை. மூக்கு அசைந்தால் போதும். அசைகிற பொருளை யாராவது எண்ணெய் போட்டு, சீல் மாற்றி, கசிவைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சாக்கில் மற்ற இடங்களும் கண்ணில் படும்.

எதிர் உதாரணம் ஏர் பிரான்ஸிடமே இருந்தது. கட்டிய இருபது கான்கார்டுகளில் இன்று பதினெட்டு மிஞ்சியிருக்கின்றன. ஒன்று கொனெஸில் போனது. இன்னொன்று, எஃப்-பிவிஎஃப்டி என்ற பதிவெண் கொண்டது, 1982இல் ஓட்டத்தை நிறுத்தியது. உதிரிபாகத்துக்காகக் கழற்றிக் கழற்றி எடுத்துக்கொண்டு நிற்கவைத்திருந்தார்கள். 1994இல் அரிப்பு தாங்காமல் உடைத்தே போட்டார்கள். பன்னிரண்டே வருஷம். அதைவிட அதிக காலமாகச் சின்ஸ்ஹைம் விமானம் மழையில் நிற்கிறது என்பதை நினைத்துக்கொண்டேன்.

புதன், ரயிலில்

துலூஸுக்கு நாலரை மணி நேரத்துக்குச் சற்று மேல். மருமகனுக்கு வகுப்பு இருந்ததால் ஸ்டுட்கார்ட் திரும்பிவிட்டான். தனியாக ஜன்னல் ஓரம்.

நம் ஊர்க்காரர்கள் சிலர் கான்கார்ட் இந்தியாவுக்கு மேல் பறந்ததா என்று கேட்டிருந்தார்கள். 1977 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் வழித்தடம் தொடங்கின. இந்திய நிலத்தின் மேல் ஒலியை மிஞ்சிப் பறக்க இந்திய அரசு அனுமதி தரவில்லை. மலேசியாவும் சத்தத்தைக் காட்டி எதிர்த்ததில் ஒருசில பயணங்களோடு சேவை நின்று, 1979இல் மறுபடி தொடங்கி, 1980இல் முடிந்துபோனது. இடது பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறமும் வலது பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறமுமாக ஓடிய அந்த விமானம் இப்போது நியூயார்க்கில், ஆற்றங்கரைத் துறையில் திறந்தவெளியில் நிற்கிறது. 2008இல் புரூக்ளினில் தற்காலிகமாக நிறுத்திவைத்திருந்தபோது ஒரு லாரி இடித்து அதன் மூக்கு நுனி உடைந்தது. 2023இல் மிதவையில் ஏற்றிக் கொண்டுபோய், பழைய பூச்சைச் சுரண்டிப் புதிதாக அடித்து, 2024 மார்ச்சில் திரும்ப வைத்திருக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் உப்புக்காற்று மேலே அடிக்கும் இடத்தில் கூரை இல்லாமல் வைத்துக்கொண்டு பெயின்ட் அடித்தால், அடுத்த பெயின்டுக்கு இப்போதே பணம் சேர்க்க ஆரம்பிக்க வேண்டும்.

வியாழன், துலூஸ்

டிராமில் ஏறி பிளாஞ்யாக் பக்கம் இறங்கினால் ஏரோஸ்கோபியா. 2015இல் திறந்த அருங்காட்சியகம், விமான நிலைய ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே. 001 முதலில் கிளம்பியதும் இந்த ஓடுபாதையில்தான்.

இங்கே ஒரு பரிசோதனை தானாகவே நடந்துகொண்டிருக்கிறது. ஒரே ஊரில் பிறந்த இரண்டு கான்கார்டுகள். ஒன்று கட்டடத்துக்குள், ஒன்று வெளியே. உள்ளே இருப்பது 201ஆம் எண் விமானம், பயணிகள் சேவைக்குப் போகாமல் சோதனைக்கே ஓடியது. வெளியே இருப்பது ஃபாக்ஸ் சார்லி. 2003 ஜூன் 27 அன்று பாரிஸிலிருந்து இங்கே வந்து இறங்கியது. ஏர் பிரான்ஸ் கான்கார்ட் எதுவும் அதற்குப் பிறகு பறக்கவில்லை.

201ஐச் சுற்றி நடந்தால் மெருகு அப்படியே இருக்கிறது. வயிற்றின் அடியில் குனிந்து பார்த்தேன், நீர் வடியும் துளைகள் சுத்தமாக, கறையில்லாமல் இருந்தன. பிறகு வெளியே போய் ஃபாக்ஸ் சார்லியின் அதே இடத்தைப் பார்த்தேன். கறை. வெயில் படும் பக்கத்தில் வெள்ளை மங்கலாகியிருக்கிறது. தெற்கு பிரான்ஸின் கோடை வெயில் லேசுப்பட்டதில்லை; ரப்பரையும் ஜன்னல் பிளாஸ்டிக்கையும் மழையைவிட அதுதான் வேகமாகக் கொல்லும். இங்கேயும் ஓய்வு பெற்றவர்கள் வந்து பராமரிக்கிறார்கள். ஒருவர் என்னைவிட மூத்தவர், முழங்காலிட்டுச் சக்கரத்துப் பக்கம் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். மொழி தெரியாததால் நான் ரிவெட்டைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினேன், அவர் வானத்தைக் காட்டிக் கட்டைவிரலைக் கீழே இறக்கினார். வேறு பேச வேண்டியிருக்கவில்லை.

கூரை போடுவது சுலபமில்லை என்பதும் உண்மை. கான்கார்டின் நீளம் 62 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, வால் உயரம் 12 மீட்டர். தூண் இல்லாத அவ்வளவு பெரிய கொட்டகைக்கு ஆகும் பணம் சிறிய அருங்காட்சியகத்தின் பல ஆண்டு வருமானம். பிரிஸ்டலில் கடைசியாகப் பறந்த கான்கார்டும் 2003இலிருந்து வெளியே நின்று, 2017இல்தான் கூரைக்குள் போனது. மான்செஸ்டரில் 2009இல் கட்டினார்கள். சியாட்டிலில் 2016இல் மேலே கூரை மட்டும் போட்டார்கள், அதுவே பெரிய வித்தியாசம். லண்டன் ஹீத்ரோவில் நிற்பதற்கு அதுவும் இல்லை.

என்னிடம் ஒரே ஒரு கூரைக்குப் பணம் கொடுத்து எங்கே போடுவாய் என்று கேட்டால், துலூஸையும் நியூயார்க்கையும் விட்டுவிட்டுச் சின்ஸ்ஹைமுக்குத்தான் போவேன். அதிலும் கான்கார்டுக்கு இல்லை, து-144க்கு. கான்கார்ட் பதினெட்டில் பாதிக்குமேல் இன்று நனையாமல் நிற்கின்றன. து-144 ரஷ்யாவுக்கு வெளியே ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதையும் மலைமேல் நட்ட கொடிக்கம்பம் மாதிரிக் கூரைக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். கீழே இறக்குங்கள் என்று மருமகனை விட்டு ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறேன். "மாமா, டிக்கெட் விக்கிறதே அது மேல இருக்கிறதாலதான்" என்று பதில் அனுப்பியிருக்கிறான்.